ஆளில்லாத பெயர்

அன்று காலை நூற்றுப் பன்னிரண்டாவது தடவை கூப்பிட்டபோது யாரோ "ஓ" என்றார்கள்.

தினேஷ் பதிவை நிறுத்தச் சொன்னான். மனைவி வெண்ணிலா லேப்டாப்பின் மேல் குனிந்து, கொஞ்சம் பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள். முதலில் அவனுடைய குரல், காலையில் பதிவானது, சளி கட்டியது: "தக்கராணி." பிறகு தகரக் கூரையிலிருந்து சொட்டும் நீர். பிறகு, அடுத்த அழைப்பு வருவதற்குள், தூரத்திலும் இல்லாமல் பக்கத்திலும் இல்லாமல், "ஓ." ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத குரல். வேலைக்குக் கூப்பிடப்பட்ட ஆள் இதோ வருகிறேன் என்று எழுந்திருக்கும்போது வருகிற அலுப்பு அதில் இருந்தது.

"காப்பி பறிக்கிறவங்க யாராச்சும் கத்தியிருப்பாங்க," என்றாள் வெண்ணிலா. "எஸ்டேட்டுக்கும் நம்ம ஊட்டுக்கும் நடுவுல ஒரு வேலிதானுங்க. இதுக்குப் போயி மொகத்த ஏன் இப்பிடி வெச்சுக்கிறீங்க?"

அவனுக்கும் அப்படித்தான் இருக்கும் என்று பட்டது. படவேண்டும் என்று விரும்பினான். ஏற்காட்டு மலையில் கொட்டச்சேட்டுக்குப் போகிற ரோட்டிலிருந்து இருபது நிமிடம் காப்பித் தோட்டத்துக்குள் நடந்தால் வருகிற தனி வீடு அது. வாடகை குறைவு என்பதைத் தவிர அதற்கு வேறு எந்த நல்ல குணமும் கிடையாது. இரண்டு வருடம் முன்பு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவு ஒன்றில் பைக் சறுக்கியதில் அவன் கழுத்து எலும்பு நொறுங்கியது. அன்றிலிருந்து கழுத்துக்குக் கீழே இருப்பது அவன் உடம்பு இல்லை, அவனோடு கட்டிலில் கிடக்கிற ஒரு சாமான். சேலத்து ஆபீஸ்களில் நெட்வொர்க் கேபிள் இழுத்துக்கொண்டிருந்தவனுக்கு மிஞ்சியது குரல் மட்டும்தான்.

காலை எட்டரைக்கு வெண்ணிலா ஏற்காடு டவுனில் இருக்கிற ஹோட்டலுக்கு ரிசப்ஷன் வேலைக்குப் போய்விடுவாள். இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொல்லியாகிவிட்டது. மதியம் எஸ்டேட்டிலிருந்து குப்பாயி வந்து ஊட்டிவிட்டுப் போவாள். மற்ற நேரமெல்லாம் அவனும் கூரையும்தான். போனிடம் பேசி மணி கேட்கலாம், வெண்ணிலாவைக் கூப்பிடச் சொல்லலாம், நெட் இருந்தால். ஐப்பசி மழையில் நெட் போன ஒரு நாள், ஓர் அட்டை அவன் கன்னத்தில் ஏறி, வயிறு நிறையக் குடித்து, தானாகவே கழன்று விழுந்தது. அதுவரை அவன் கத்திக்கொண்டேயிருந்தான். சாயந்திரம் வந்த வெண்ணிலா தலையணை முழுக்க ரத்தத்தைப் பார்த்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அதைக் கேள்விப்பட்ட அவளுடைய அண்ணன் சின்னசாமி சேலத்திலிருந்து போன் செய்தான். "மாசக் கடைசீல வண்டி எடுத்துட்டு வர்றேன். அவர ஒரு இல்லத்துல சேத்துட்டு நீ எங்களோட வந்துரு கண்ணு." போன் ஸ்பீக்கரில் இருந்தது. தினேஷ் கேட்கவேண்டும் என்றுதான் அப்படிச் சத்தமாகப் பேசினான், அந்தப் பாவி.

அதனால்தான் இந்தத் திட்டம். வெளியே எதையும் நம்பாமல், வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அவன் பேச்சைக் கேட்டு நடக்கிற ஒரு மெஷின். வாங்கவேண்டியதை எல்லாம் வெண்ணிலா ஒரு தாளில் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தாள். சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. மைக் நான்கு. ஸ்பீக்கர் இரண்டு. லைட்டையும் ஃபேனையும் போட்டு அணைக்க ரிலே போர்டு. கரண்ட் போனால் தாங்குகிற பேட்டரி. எல்லாவற்றுக்கும் பக்கத்தில் கேள்விக்குறி. கூரைச் சொட்டு அவன் குரலை எவ்வளவு அமுக்குகிறது என்று தெரியாமல் மைக்கைத் தேர்ந்தெடுக்க முடியாது. அதனால் முதலில் குரல் பதிவு, அப்புறம்தான் ஆர்டர். இன்னும் ஒரு ஸ்க்ரூகூட வாங்கவில்லை.

மெஷினுக்கு ஒரு பெயர் வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னால் மட்டும் அது விழித்துக்கொள்ளும், சொல்லாமல் என்ன பேசினாலும் காதில் வாங்காது. டிவியில் யாராவது கதவைத் திற என்றால் அது பாட்டுக்குத் திறந்துவிடக் கூடாதே. சொந்தத்தில், ஊரில், சீரியலில் யாருக்கும் இல்லாத பெயராக, வல்லெழுத்து கலந்து, நாலெழுத்துக்குக் குறையாமல் யோசித்து "தக்கராணி" என்று வைத்தான். சீட்டுக்கட்டு ராணி மாதிரி இருக்குதுங்க என்று வெண்ணிலா சிரித்தாள். அந்தப் பெயரை அவன் இரண்டாயிரம் தடவை, உரக்க, மெதுவாக, தூக்கக் கலக்கத்தில், கோபத்தில் கூப்பிட்டுப் பதிந்து கொடுத்தால் மெஷின் படித்துக்கொள்ளும். தினமும் காலையில் வெண்ணிலா போனை ஸ்டாண்டில் மாட்டி ரெக்கார்டிங்கை ஓடவிட்டுப் போவாள். ஆயிரத்து எழுநூறு முடிந்திருந்தது.

மறுநாள் பதினொரு மணிக்கே பனி இறங்கிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே முதலில் சில்வர் ஓக் மரங்கள் போயின, பிறகு வேலி, பிறகு ஜன்னல் கம்பியைத் தவிர எல்லாமே. காப்பிப் பழத்தோல் அழுகுகிற புளித்த வாடை, ஈரத் துணி வாடை, அதோடு அவனுக்குப் பழக்கமில்லாத இன்னொன்று, வெகுநாள் மூடிக்கிடந்த பாத்திரத்தைத் திறந்தால் வருவது போல ஒன்று, அறைக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அவன் எண்ணிக்கொண்டே கூப்பிட்டான். ஒவ்வொரு அழைப்புக்குப் பிறகும் ஐந்து நொடி காத்திருந்தான். அந்த ஐந்து நொடிகளில் கூர்ந்து கேட்கக் கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கேட்டான்.

குப்பாயி வந்தபோது தலையில் போட்டிருந்த சாக்கிலிருந்து நீர் வடிந்தது. நாற்பது வயது இருக்கும். சுருக்கென்று பேசுகிறவள், வேலையும் அப்படியே சுருக்காக முடிப்பவள். இன்று மூன்று வாய் ஊட்டிவிட்டுக் கரண்டியைத் தட்டிலேயே வைத்துவிட்டாள்.

"ஏனுங்க தம்பி, தக்கராணிங்கிறது யாருங்க?"

"யாருமில்லக்கா. மெஷினுக்கு வெச்ச பேரு."

"மெஷினு எங்க?"

"இன்னும் வாங்கல."

"அப்ப நீங்க யாரத்தான் கூப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க?"

அவன் விளக்கத் தொடங்கினான். அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"பனி எறங்குனா எதுக்க நிக்கற ஆளு தெரியாதுங்க. ஆள் கணக்கு எழுதற ரைட்டரு வெள்ளையன் ஒரு சத்தம் குடுப்பாரு, நாங்க ஆளுக்கொரு 'ஓ' குடுப்போம். அத எண்ணிப் பாத்துத்தான் எல்லாரும் இருக்கறோமான்னு தெரிஞ்சுக்குவாரு. பேரு சொல்லி யாரும் யாரயும் கூப்பிடறதில்ல. பேரு சொன்னா அதுக்கு எது வேணாலும் வந்து நிக்கும். நாங்க பன்னண்டு பேருங்க. போன வாரம் பதிமூணு 'ஓ' வந்துச்சு. வெளையாடறீங்களான்னு வெள்ளையன் வைதாரு. அடுத்த நாளு இருவது. நேத்து அந்தாளு எண்ண முடியாம பாதில உட்டுட்டு மேல ஓடிட்டாருங்க."

"எதிரொலியா இருக்கும்க்கா."

"எதிரொலின்னா நீங்க சொல்ற பேரத்தான சொல்லோணும்? 'ஓ'ங்குமா?" அவள் முகம் கறுத்தது. பயமில்லை, கோபம். "நீங்க இங்கிருந்து ஒருவாட்டி கூப்பிட்டா அங்க ஒண்ணு கூடுது. நா நின்னு பாத்துட்டுத்தான் வந்து சொல்றேன். அதுவும் என்ன மாதிரி கூப்பிடறீங்க? ஒரு ஆளக் கூப்பிட்டா வேல சொல்லோணுமுங்க. ஆயிரம் வாட்டி வா வான்னுட்டு, வந்து நின்னா ஒரு வார்த்தகூட சொல்லலீன்னா யாருக்குத்தான் ரோசம் வராது? நானா இருந்தா மூஞ்சிலயே அறைஞ்சிருப்பேன்."

"அக்கா, மாசக் கடைசிக்குள்ள இது முடியலீன்னா என்னக் கொண்டுபோயி எங்கயோ போட்டுருவாங்க. உங்களுக்கு அது தெரியுமில்ல?"

"தெரியுமுங்க. அதுக்கு எங்க உசுரா கெடச்சுது?" அவள் சாக்கை எடுத்துப் போட்டுக்கொண்டாள். "இனி நா வர மாட்டேன். அம்மிணிகிட்டச் சொல்லிருங்க."

மிச்சச் சோறு தட்டிலேயே கிடந்தது. வாசலில் அவள் கொஞ்ச நேரம் நின்றது கேட்டது. பிறகு அவள் நடக்கவில்லை, ஓடினாள்.

தினேஷுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. படுத்தே கிடப்பவன் மேல் யார் வேண்டுமானாலும் எரிந்து விழலாம். மைத்துனன், மேனேஜர், சோறூட்ட வருகிறவள், இப்போது காட்டில் கத்துகிற ஏதோ ஒன்று. அவன் வேண்டுமென்றே தொண்டை கிழியக் கூப்பிட்டான். "தக்கராணி! தக்கராணி! தக்கராணி!" ஐந்து நொடிகூட விடவில்லை. முப்பது தடவை இருக்கும், அதற்கு மேலும் இருக்கலாம். மூச்சு வாங்க நிறுத்தினான்.

கூரையில் சொட்டு நின்றிருந்தது.

தண்ணீர் குடிக்கிற டியூப் ஒரு கம்பியில் கட்டி அவன் வாயோரம் வளைத்து வைக்கப்பட்டிருக்கும். அவன் உதட்டை நீட்டினான். டியூப் மெதுவாக, மிக மெதுவாக, அந்தப் பக்கம் திரும்பியது. உதடு எட்டுகிற தூரத்துக்கு ஒரு விரற்கடை அப்பால் போய் நின்றது.

காற்று. காற்றாகத்தான் இருக்கும். ஜன்னல் திரை அசையவில்லை.

பிறகு கம்பளியைப் பார்த்தான். அவன் கால்கள் இருக்கிற இடத்தில், முழங்காலுக்குக் கீழே, கம்பளி ஓரிடத்தில் அமுங்கியிருந்தது. ஐந்து விரல்களும் தனித்தனியாகப் பதிந்து, ஒரு கை அழுத்தியது போல் அமுங்கியிருந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியவில்லை, கால் மரத்துப்போய் இரண்டு வருடம் ஆகிறது. அந்தக் குழி பார்க்கப் பார்க்க ஆழமானது. பிறகு தொடைமேல் இன்னொன்று. வயிற்றின்மேல் இரண்டு. தன் உடம்பை யாரோ அழுத்திப் பார்ப்பதை, சந்தையில் பழம் பார்ப்பதைப் போல் பார்ப்பதை, அவன் கண்ணால் மட்டும் பார்த்துக்கொண்டு கிடந்தான்.

ஓங்கி ஓர் அறை விழுந்தது.

இடது கன்னத்தில். ஈரமாக, சில்லென்று, தலை தலையணையில் திரும்புகிற அளவுக்கு. அங்கே அவனுக்கு உணர்ச்சி உண்டு.

கத்த வாயைத் திறந்தான். யாரைக் கூப்பிடுவது? போனில் டவர் இல்லை, சிவப்புப் புள்ளி மட்டும் பதிந்துகொண்டே இருந்தது. ரோசம் வராதா என்று குப்பாயி கேட்டது காதில் ஓடியது. வேலை சொல்லவேண்டும். வேலைதானே? சொல்கிறேன்.

"தக்கராணி. லைட்டப் போடு."

டக். லைட் எரிந்தது.

அந்த வெளிச்சத்தில் எதிர்ச் சுவரில் இருந்த தாள் தெளிவாகத் தெரிந்தது. ரிலே போர்டு, கேள்விக்குறி. மைக் நான்கு, கேள்விக்குறி. அறையில் ஒருவரும் இல்லை. சுவிட்ச் போர்டு கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, கீழே சிமென்ட் தரையில் ஈரமான பாதத் தடம் ஒரு ஜோடி.

"லைட்ட அணை," என்றான். எதுவும் நடக்கவில்லை. பெயரைச் சொல்லாமல் எதையும் காதில் வாங்காதே. அவனே வைத்த சட்டம். "தக்கராணி... லைட்ட அணை."

டக். இருட்டு. டக். வெளிச்சம். டக், டக், டக். ஒரு கை அணைக்க, இன்னொரு கை அதைத் தள்ளிவிட்டுப் போட, சுவிட்ச் உடைகிற மாதிரி மேலும் கீழும் அடித்துக்கொண்டது. கடைசியில் எரிந்தபடி நின்றது. தரையில் இப்போது தடங்கள் இரண்டு ஜோடி.

அப்போதுதான் குப்பாயி சொன்னது உண்மையிலேயே அவனுக்கு உறைத்தது. ஒரு தடவை கூப்பிட்டால் ஒன்று கூடுகிறது. ஆயிரத்துச் சொச்சம் முறை அவன் கூப்பிட்டது ஒரே ஆளை இல்லை, ஒவ்வொரு முறையும் புதிதாக ஒன்றை.

வாயை மூடிக்கொண்டான். இனி ஒரு தரம்கூட இல்லை. செத்தாலும் இல்லை. பற்களைக் கடித்தபடி, கன்னம் எரிய, கம்பளியில் குழிகள் எழுவதையும் அமிழ்வதையும் பார்த்துக்கொண்டு மணிக்கணக்காகக் கிடந்தான். அவ்வப்போது காதோரம் மூச்சு வந்தது. இடது காது. வலது காது. இரண்டும் ஒரே நேரத்தில்.

ஐந்தரைக்கு ரோட்டில் பஸ் ஹாரன் கேட்டது. வெண்ணிலாவின் பஸ். இன்னும் இருபது நிமிடம். வந்ததும் அவளிடம் சொல்லிவிடலாம், இன்றைக்கே கிளம்பலாம், சின்னசாமி எந்த இல்லத்தில் போட்டாலும் சரி. அவன் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த மைத்துனன் வரவேண்டும் என்று ஆசைப்பட்டான்.

ஆறு மணி. வரவில்லை.

ஆறேகால். ஜன்னலில் பனி சாம்பல் நிறத்திலிருந்து கருப்பாகிக்கொண்டிருந்தது. போன மாதம் இதே பாதையில் காட்டெருமை ஒருவனைக் குத்தித் தூக்கியிருந்தது. பனியில் அதன் மேல் மோதுகிற வரைக்கும் தெரியாது.

ஆறே முக்கால். வெளியே எங்கோ வெண்ணிலாவின் குரல்.

"ஏனுங்க! சத்தம் குடுத்துக்கிட்டே இருங்க! எனக்குப் பாதையே தெரியலீங்க! இங்க என்னமோ நின்னுக்கிட்டு..."

குரல் அறுந்துவிட்டது. அவன் அவள் பெயரைச் சொல்லிக் கத்தினான். பதில் இல்லை. ஏதோ பெரிதாகச் செடிகளுக்குள் திரும்புகிற சத்தம். அவனால் எழுந்து போக முடியாது. டார்ச்சைத் தூக்க முடியாது. கதவுவரை உருண்டுகூடப் போக முடியாது. குரல் இருந்தது. குரல் மட்டும்.

கட்டிலைச் சுற்றி எல்லாம் அசையாமல் நின்றது. காத்திருந்தது.

"தக்கராணி," என்றான். அழுதுகொண்டிருந்தான். "வெண்ணிலாவ ஊட்டுக்குக் கூட்டிட்டு வா."

கம்பளி ஒரே நேரத்தில் எல்லா இடத்திலும் எழும்பியது. கதவு திறந்தது. ஈரப் பாதங்கள், ஒன்றல்ல, பத்தல்ல, வாசலைத் தாண்டி ஓடின.

அமைதி. எவ்வளவு நேரம் என்று அவனுக்குத் தெரியவில்லை.

பிறகு சரிவில் கிளைகள் முறிகிற சத்தம். பாதை வழியாக இல்லை. பாதை வலது பக்கம். இது நேராக வந்தது, காப்பிச் செடிகளைப் பிளந்துகொண்டு, மிளகுக் கொடிகளை அறுத்துக்கொண்டு, நேராக. வேலிக் கம்பி அறுந்து ரீங்கரித்தது.

வெண்ணிலா வாசலில் வந்து நின்றாள். உயிரோடு இருந்தாள். முகமெல்லாம் கீறல், ஒரு காலில் செருப்பில்லை, ஹோட்டல் புடவை முழங்காலுக்குக் கீழே நார்நாராகத் தொங்கியது. அவளுடைய வலது கை தோளுயரத்துக்கு நேராக முன்னால் நீண்டிருந்தது. மணிக்கட்டைச் சுற்றித் தோல் உள்ளே அமுங்கியிருந்தது. விரல்கள் கருநீலம். எதுவோ அந்தக் கையைப் பிடித்து அறைக்குள் இழுத்தது. அவள் இடது கையால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு எதிர்த்து நின்றாள்.

"என்னமோ கையப் புடிச்சிருக்குதுங்க. கண்ணுக்குத் தெரியல. விடச் சொல்லுங்க."

"விடு," என்றான். "போதும், விட்டுரு."

மணிக்கட்டு இன்னும் ஒடுங்கியது. அவள் அலறினாள்.

"விடு! விடு! விடு!"

எலும்பு நெரிகிற சத்தம் கட்டில்வரை கேட்டது. வெண்ணிலா அவனைப் பார்த்தாள். திட்டம் போட்டதில் அவளும் கூடவே இருந்தவள். எது கேட்கும், எது கேட்காது என்று அவளுக்கும் தெரியும்.

"அந்தப் பேரச் சொல்லிச் சொல்லுங்க! சாமி, அந்தப் பேரச் சொல்லுங்க!"

சொன்னால் இன்னொன்று வந்து கூடும் என்று அவளுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்று நினைத்தான். எலும்பு இன்னொரு தடவை சத்தம் போட்டது, இந்த முறை நன்றாக, முழுசாக. அவள் அலறியது மனுஷக் குரலாகவே இல்லை.

"தக்கராணி," என்றான் தினேஷ்.

மிச்சத்தைச் சொல்ல அவன் மூச்சை இழுப்பதற்குள், கதவு நிலையைப் பிடித்திருந்த அவளுடைய இடது கை, சுண்டுவிரலில் தொடங்கி, ஒவ்வொரு விரலாகப் பிரிக்கப்பட்டு, மெதுவாக வெளியே, இருட்டின் பக்கமாக நீண்டது.